கால் விரலை எண்ணச் சொல்லுங்கள்: பிள்ளைகளோடு வண்டலூர் போய் வந்த அனுபவம்

வடசென்னைப் பக்கமிருந்து சின்னப் பிள்ளைகளை வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புலி, சிங்கம் காட்டிவிட்டுத் திரும்புவதோடு நிற்காமல், உயிரினங்கள் எப்படி ஒன்றுக்கொன்று சொந்தம், எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மாறி இன்றைய உருவத்துக்கு வந்தன என்பதையும் பிள்ளைகள் மனதில் போட வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் சிலராவது இருப்பீர்கள். போன கோடை விடுமுறையில் நான் அதைத் தனி ஆளாகச் செய்தேன். 6,200 ரூபாய் போனது. ஒரு பிள்ளைக்கு உடம்புக்கு முடியாமல் போனது. இன்னொரு பிள்ளையின் அப்பா என் வாசலுக்கு வந்து சத்தம் போட்டார். விவரம் தெரிந்த ஒருவர் முன்கூட்டியே பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. அந்தப் பேச்சை உங்களோடு நான் பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். ரெண்டாவது, மூணாவது, நாலாவது படிக்கிற பிள்ளைகள். அப்பாக்கள் ஹார்பரில் லோடு வேலை, ஆட்டோ. அம்மாக்களில் சிலர் மீன் விற்கிறார்கள், சிலர் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். மாதம் 300 ரூபாய் வாங்குகிறேன், அதுவும் எல்லோரிடமும் வராது. ஒருநாள் மின்விளக்குப் பக்கத்தில் பல்லி ஒன்று பூச்சி பிடித்துக்கொண்டிருந்தது. ரெண்டாவது படிக்கிற பொண்ணு ஒருத்தி அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டைனோசர் எல்லாம் செத்துப்போச்சுன்னா பல்லி மட்டும் ஏன் மிஸ் சாவல?" என்று கேட்டாள். எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. ஏழு வயதில் வருகிற இந்தக் கேள்விக்குப் பள்ளியில் பதில் வருவதற்கு அவள் பத்தாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டும். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியலில்தான் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப் பாடமாக வருகிறது. மத்தியப் பாடத்திட்டத்தில் 2023-இல் பத்தாம் வகுப்பிலிருந்து பரிணாமத்தை எடுத்தேவிட்டார்கள். பன்னிரண்டில் உயிரியல் எடுக்கிறவர்களுக்கு மட்டும்தான் அது கிடைக்கும். கேள்வி சூடாக இருக்கும்போதே பதிலைக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அப்படித்தான் வண்டலூர் யோசனை வந்தது.

தெருவில் விஷயம் பரவியதும் பெரியவர்களுக்கே உற்சாகம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆயா, "உயிர் காலேஜுக்கா கூட்டினு போற?" என்று கேட்டார். அவர் காலத்து ஆட்களுக்கு எழும்பூர் அருங்காட்சியகம் செத்த காலேஜ், மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ். 1855-இல் எட்வர்ட் பால்ஃபர் அந்த அருங்காட்சியக வளாகத்திலேயே தொடங்கியதுதான் சென்னையின் மிருகக்காட்சிசாலை. பிறகு அது சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட்டை ஒட்டிய பூங்காவுக்கு வந்தது. ஆயா சின்ன வயதில் நடந்தே போய்ப் பார்த்ததாகச் சொல்வார். 1985-இல் வண்டலூருக்குப் போன பிறகு நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பயணம். என் டியூஷன் பிள்ளைகளில் பாதிப்பேர் தாம்பரத்தையே பார்த்ததில்லை.

ஆறு பிள்ளைகள் வருவதாக முடிவானது. துணைக்கு என் தோழி வருவதாக இருந்தது. ஒரு வேன் பேசி 2,500 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். கிளம்புகிற அன்று காலை ஆறரை மணிக்குப் பிள்ளைகள் தலை சீவி, புதுத்துணி போட்டு, புளிசாத டப்பாவோடு தெருமுனையில் நிற்கிறார்கள், வேன் வரவில்லை. போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை. தோழியின் மாமியாருக்கு அன்று விடியற்காலை மூச்சுத்திணறல், அவளும் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டாள். ஆறு ஜோடிக் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அழுகை தொண்டை வரை வந்தது. அம்மாக்கள் இருவர், "நீங்க கூட்டினு போங்க மிஸ், புள்ளைங்க ராத்திரி தூங்கவே இல்ல" என்றார்கள். ஷேர் ஆட்டோவில் பீச் ஸ்டேஷனுக்குப் போய் மின்சார ரயிலில் ஏறினோம்.

வேன், வாடகைக் கார் எதுவானாலும் முன்பணத்தை 500 ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள். ஓட்டுநரின் சொந்த நம்பர், வண்டி நம்பர் இரண்டையும் முதல் நாள் இரவே வாங்கி, ஒரு தடவை பேசியும் விடுங்கள். உண்மையைச் சொன்னால் வேனே தேவையில்லை. பீச்சிலிருந்து செங்கல்பட்டு போகிற வண்டி வண்டலூரில் நிற்கும். தாம்பரத்தோடு நின்றுவிடும் வண்டியில் ஏறினால் அங்கே இறங்கி அடுத்த வண்டிக்காக நடைமேடையில் பிள்ளைகளோடு நிற்க வேண்டிவரும், அதனால் பெயர்ப்பலகையில் செங்கல்பட்டு என்று பார்த்து ஏறுங்கள். சாதாரண வகுப்பில் பெரியவர்களுக்கே 20 ரூபாய் ஆகாது. வண்டலூர் ஸ்டேஷனிலிருந்து பூங்கா பக்கம்தான், ஆனால் நடுவில் ஜிஎஸ்டி சாலை இருக்கிறது. தனி ஆளாகச் சின்னப் பிள்ளைகளோடு அதைக் கடப்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. ரெண்டு பிள்ளைக்கு ஒரு பெரியவர் இல்லாமல் கிளம்பவே கிளம்பாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையின் முன்கையிலும் பால்பாயின்ட் பேனாவால் உங்கள் போன் நம்பரை எழுதிவிடுங்கள். அதை மட்டும் நான் ரயிலில் உட்கார்ந்து செய்தேன்.

உள்ளே போகும்போது பதினொன்றே முக்கால். கத்திரி வெயில். பேட்டரி வண்டிக்கு நீளமான வரிசை, அதில் நின்று எங்கள் முறை வருவதற்குள் பிள்ளைகள் சோர்ந்துவிட்டார்கள். வண்டலூர் 600 ஹெக்டேர் காடு. ஒரு கூண்டிலிருந்து அடுத்த கூண்டுக்கு நடப்பதே சின்னக் கால்களுக்குப் பெரிய வேலை. அந்த நேரத்தில் மிருகங்களும் நம்மைப் போலத்தான், நிழலைத் தேடிப் படுத்துவிடுகின்றன. புலி எங்கோ தூரத்து மரத்தடியில் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. "செத்துப்போச்சா மிஸ்?" என்றான் ஒருவன். இன்னொருவன் டிவியில் பார்த்த புலியே பெரிசு என்றான். நான் மனதில் பாடம் பண்ணி வைத்திருந்ததெல்லாம், அதாவது பூனைக் குடும்பம், மறைவதற்கான வரிகள், வேட்டைக்கான பற்கள், ஒன்றும் எடுபடவில்லை. பத்தடி தூரத்தில் ஐஸ் விற்கிறவரைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

பூங்கா காலை 9 மணிக்குத் திறக்கிறது, திறக்கும்போது வாசலில் நிற்பது மாதிரி கிளம்புங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. நுழைவுச்சீட்டை இணையத்திலேயே எடுத்துவிடலாம், கட்டணம் அவ்வப்போது மாறுவதால் அன்றைய விலையை அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் நாலைந்து பையில் இருக்கட்டும். அன்று அது என்னிடம் இல்லை. பதினொன்றரைக்கு மேல் புதிதாக எந்த மிருகத்தையும் காட்ட முயற்சி செய்யாதீர்கள். மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பார்த்ததைப் பேசுங்கள், வரையச் சொல்லுங்கள். கண்ணில் பட்டதை மனதில் போட்டுக்கொள்ள அந்த நேரம் அவர்களுக்குத் தேவை.

அன்று எனக்கு மிகவும் கஷ்டமான இடம் சிம்பன்சி பகுதிதான். கூட்டத்தில் ஒருவர் தன் பிள்ளையைத் தூக்கிக் காட்டி, "இதோ பார், இதுலேருந்துதான் நாமெல்லாம் வந்தோம்" என்றார். அவர் நல்லெண்ணத்தோடு சொன்னதுதான், நம்மில் பலரும் அப்படித்தான் கேட்டு வளர்ந்திருக்கிறோம். எங்கள் கும்பலில் நாலாவது படிக்கிறவன் உடனே பிடித்துக்கொண்டான். "அப்போ இது எப்ப மிஸ் மனுஷனாகும்?" இன்னொருத்தி, "இது ஏன் இன்னும் ஆவல? ஃபெயிலா?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். வெயிலில் நின்றுகொண்டு, இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ரெண்டு பிள்ளை, என்னால் அங்கே சரியாக விளக்க முடியவில்லை. சிம்பன்சி நம் தாத்தா இல்லை, அது நமக்குப் பங்காளி என்று மட்டும் சொன்னேன். அது பாதிதான் உள்ளே போனது. அந்தப் பாதிதான் பிறகு என் வாசலுக்கு வந்தது.

ஒரு மணிக்கெல்லாம் சின்னவன் வாந்தி எடுத்துவிட்டான். முகம் சிவந்து, கண் செருக ஆரம்பித்தது. எனக்குக் கை கால் உதறியது. நிழலில் படுக்கவைத்து, ஈரத்துணி போட்டு, இளநீர் வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். அங்கிருந்த ஊழியர் அம்மா ஒருவர் ஓடிவந்து விசிறினார், அவரை நான் மறக்கமாட்டேன். அந்த நிலையில் ரயிலில் கூட்டிவர எனக்குத் துணிச்சல் இல்லை. பெரிய காராகப் பிடித்து 1,900 ரூபாய் கொடுத்துத் தண்டையார்பேட்டை வந்து சேர்ந்தோம். டாக்டருக்கும் மருந்துக்கும் 300. நுழைவு, பேட்டரி வண்டி, ரயில், ஆட்டோ, இளநீர், ஐஸ் எல்லாம் சேர்த்து 1,500. வேன் முன்பணம் 2,500. இரண்டு மாத டியூஷன் வருமானம். பையனுக்கு மறுநாளே சரியாகிவிட்டது, அது ஒன்றுதான் ஆறுதல். அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

ரெண்டு நாள் கழித்து ஒரு பிள்ளையின் அப்பா வந்தார். "இன்னா மிஸ், எம்புள்ளைக்குக் கொரங்குதான் தாத்தான்னு சொல்லிக் குடுத்தியாமே? நாங்க சாமி படைச்சாருன்னு சொல்லி வளக்குறோம், நீ இன்னாத்துக்கு இதெல்லாம் பேசுற?" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினார். எனக்கு அவமானமாகவும் கோபமாகவும் இருந்தது. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். "அண்ணே, கொரங்கு தாத்தான்னு நான் சொல்லல, அப்படிச் சொல்றது தப்புன்னுதான் சொன்னேன். வீட்டுல சாமியப் பத்தி நீங்க சொல்றத நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். எலும்பப் பாரு, காலப் பாரு, எது எது மாதிரி இருக்குதுன்னு கேப்பேன், அவ்ளோதான்" என்றேன். அவர் கொஞ்சம் தணிந்தார், ஆனாலும் பெண்ணை நிறுத்திவிட்டார். டைனோசரையும் பல்லியையும் பற்றிக் கேட்டாளே, அவள்தான். தெருவில் பார்த்தால் இப்போதும் கையாட்டுகிறாள். இது எனக்கு 6,200 ரூபாயை விடப் பெரிய நஷ்டம்.

ஆகவே கிளம்புவதற்கு முன்பே பெற்றோரை உட்காரவைத்து என்ன பேசப்போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். பிள்ளை வாயால் பாதியாகப் போவதைவிட உங்கள் வாயால் முழுதாகப் போகட்டும். நம் தெருக்களில் கோயிலும் சர்ச்சும் மசூதியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, எல்லா வீட்டுப் பிள்ளையும் நம்மிடம் வருகிறது. வம்புக்குப் போகாமல், ஆனால் உண்மையை விட்டும் கொடுக்காமல் பேச முடியும். இப்போது நான் அம்மாக்களிடம் சொல்வது இதுதான்: உங்கள் பிள்ளையும் உங்கள் நாத்தனார் பிள்ளையும் முகச்சாடையில் ஒத்துப்போகிறார்கள். அதற்காக ஒருத்தர் வயிற்றில் இன்னொருத்தர் பிறந்தார் என்று யாரும் சொல்வதில்லை; ரெண்டு பேருக்கும் பாட்டி ஒருத்தி. மனிதனும் சிம்பன்சியும் அந்த மாதிரி. அந்தப் பொதுவான மூதாதை மனிதனும் இல்லை, இன்றைய சிம்பன்சியும் இல்லை. 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் இரண்டு கிளையும் பிரிந்து தனித்தனியே மாறிக்கொண்டு வந்திருக்கின்றன. சிம்பன்சி அதன் வழியில் வந்து நிற்கிறது, நாம் நம் வழியில். யாரும் ஃபெயில் இல்லை. இதைச் சொன்னதும் ஒரு மீன்காரம்மா, "அப்படின்னா சரி, வெவரமா இருக்குதே" என்றார்.

இதற்குப் பிறகு ஒரு மாதம் நான் வண்டலூர் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் விடவில்லை. அவர்கள் கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. அவர்களுக்குப் புலியை விட, கையில் தொட்டுப் பார்க்கிற பொருள்தான் மனதில் நிற்கிறது. அதற்கு நம் வடசென்னையை விட நல்ல இடம் இல்லை. விடியற்காலை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போங்கள். ஒரு சங்கரா மீனின் செவுள் மூடியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ரத்தச் சிவப்பில் சீப்பு மாதிரி அடுக்கு இருக்கும். பக்கத்திலேயே சுறாவைப் பார்க்கச் சொல்லுங்கள், மூடி கிடையாது, கழுத்தோரம் வரிசையாகக் கீறல்கள். திருக்கையைப் புரட்டிப் போட்டால் அதே கீறல்கள் அடிப்பக்கம் இருக்கும். ரெண்டும் சொந்தமா என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை, அவர்களே சொல்வார்கள். சுறா புட்டு செய்கிற அம்மாக்களுக்கு அதில் முள் கிடையாது, குருத்தெலும்புதான் என்று நன்றாகத் தெரியும். திருக்கைக்கும் அப்படியே. அந்த அம்மாக்களைத்தான் நான் ஆசிரியர்களாக நிற்கவைத்தேன், எவ்வளவு பெருமையாகச் சொன்னார்கள் தெரியுமா!

கரையில் ஒதுங்குகிற கணவாய் ஓட்டை லவ்பேர்ட்ஸ் கூண்டில் வைப்பதற்காகப் பிள்ளைகள் பொறுக்குவார்கள். வெள்ளையாக, நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிரும். அது கணவாயின் உடம்புக்குள் இருந்தது என்று சொன்னால் நம்பவே மாட்டார்கள். ஒரு கணவாயை வாங்கி அவர்கள் கண் முன்னே கீறி எடுத்துக் காட்டுங்கள். நத்தைக்கும் சிப்பிக்கும் ஓடு வெளியே இருக்கிறது, அவற்றின் சொந்தமான கணவாய்க்கு மூதாதை காலத்தில் வெளியே இருந்த ஓடு உள்ளே போய்விட்டது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில், அழிந்துபோன இதே குடும்பத்தின் சுருள் ஓடுகள் கல்லாகிக் கிடைக்கின்றன, ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. "பழசு எல்லாம் யாரு மிஸ் பாத்தாங்க?" என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். பார்த்தவர் யாரும் இல்லை, கல் வைத்திருக்கிறது என்று சொல்ல அரியலூர் உதவும்.

அப்புறம் கோழிக்கால். கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும், கழுவிக் கொண்டுவந்து பிள்ளைகள் கையில் கொடுங்கள். அதன் மேலிருக்கிற செதிலை விரலால் தடவச் சொல்லுங்கள். ஓணானின் தோல் இதே மாதிரிதானே இருக்கிறது என்று ஒரு பையன் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. பறவைகள் டைனோசர் வம்சத்தில் வந்தவை, இன்று உயிரோடு இருப்பவற்றில் முதலைக்கு மிக நெருங்கிய சொந்தம் பல்லி கிடையாது, பறவைகள்தான். அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது: டைனோசர் முழுசாகச் சாகவில்லை, ஒரு கிளை காக்காயாகவும் கோழியாகவும் நம் தெருவில் சுற்றுகிறது; பல்லி வேறு கிளை. அவளிடம் இதைச் சொல்ல எனக்கு இன்னும் வாய்ப்பு வரவில்லை.

இன்னொரு விஷயத்தையும் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். ஒட்டகச்சிவிங்கி கழுத்தை எட்டி எட்டி நீட்டியதால் நீளமானது என்று ஒரு கதை எல்லாப் பிள்ளைக்கும் எங்கிருந்தோ தெரிந்திருக்கிறது. வாயால் திருத்தினால் போகாது. பழைய கறுப்புத் துப்பட்டாவைத் தரையில் விரித்து, ஒரு கை கறுப்பு உளுந்து, ஒரு கை பொட்டுக்கடலை தூவினேன். பிள்ளைகள்தான் காக்கா. நான் பத்து எண்ணுவதற்குள் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். கடலை சட்டென்று கண்ணில் பட்டுக் காலியாகும், உளுந்து தப்பிக்கும். மிஞ்சியிருக்கிற ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் ஒரு குட்டி போட்டு, மறுபடி காக்கா வரும். நாலைந்து சுற்றில் துப்பட்டா முழுக்க உளுந்து. "எந்த உளுந்தாச்சும் கலர மாத்திக்கிச்சா?" என்று கேட்டேன். "இல்ல மிஸ், கடலைய எல்லாம் நாங்களே துன்னுட்டோம்" என்றார்கள். 1859-இல் டார்வின் உலகத்துக்கு விளக்கிய இயற்கைத் தேர்வின் அடிப்படை இதுதான். உயிரினங்களுக்குள் முதலிலேயே வித்தியாசம் இருக்கிறது, சூழலுக்குப் பொருந்தியது தப்பிப் பெருகுகிறது. யாரும் எட்டி நீட்ட வேண்டியதில்லை. அப்புறம் ஒட்டகச்சிவிங்கிக்கும் நமக்கும் எலிக்கும் கழுத்தெலும்பு ஏழுதான் என்று சொன்னேன். ரொம்ப நேரம் எல்லோரும் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்கள்.

இவ்வளவும் ஆன பிறகு அரையாண்டு விடுமுறையில் ஒரு வார நாளாகப் பார்த்து மறுபடி வண்டலூர் போனோம். மூன்று அம்மாக்களும் வந்தார்கள். ரயிலில் போய் ஒன்பது மணிக்கு வாசலில் நின்றோம். இந்தத் தடவை மிருகங்களை எண்ணிக்கை பார்க்கவில்லை, ஒரே ஒரு வேலைதான்: கால் விரலை எண்ணி நோட்டில் எழுத வேண்டும். கோழிக்கு நாலு என்று வீட்டிலேயே எழுதியாயிற்று. ஈமுவுக்கு மூன்று. நெருப்புக்கோழிக்கு ரெண்டே ரெண்டு, அதில் ஒன்று தடித்த பெரிய விரல். நெருப்புக்கோழி வேலியோரம் வந்து நின்றபோது பிள்ளைகள் குனிந்து, மண்டியிட்டு, ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு அந்தக் காலைப் பார்த்த விதம் இருக்கிறதே, போன தடவை புலிக்குக்கூட அப்படி யாரும் பார்க்கவில்லை. பறக்காமல் ஓடியே பிழைக்கிற பறவைக்கு விரல் ஏன் குறைந்திருக்கும் என்று ஒரு அம்மாவே கேட்டார். குதிரையின் கதையைச் சொன்னேன். அதன் மூதாதைகளுக்குப் பல விரல்கள் இருந்ததைப் புதைபடிவங்கள் காட்டுகின்றன, இன்று ஒரே குளம்பு. முதலைக்கு முன்காலில் ஐந்து, பின்காலில் நாலு. கடமானுக்குத் தரையில் ஊன்றுவது ரெண்டு குளம்பு. நீர்யானைக்கு நாலு, ஆனால் அது தண்ணீருக்குள்ளேயே கிடந்ததால் காலைப் பார்க்க வெகுநேரம் காத்திருந்தோம். அந்த நேரத்தில், நீர்யானைக்கு இன்று உயிரோடிருக்கிற மிக நெருங்கிய சொந்தம் திமிங்கிலம் என்று சொன்னேன். கடலோரப் பிள்ளைகள் இல்லையா, வாயைப் பிளந்துவிட்டார்கள்.

சிங்கவால் குரங்குக்கு வால் இருக்கிறது, சிம்பன்சிக்கு இல்லை. நமக்கு இருக்கிறதா என்று கேட்டு, முதுகெலும்பின் அடி முனையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். வால் போன பிறகும் மிஞ்சிய எலும்பு அது. அம்மாக்களும் திரும்பி நின்று தொட்டுப் பார்த்தார்கள். பதினொன்றரைக்கு எல்லாம் முடித்து மரத்தடியில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். புலியைப் பார்க்கவே இல்லை. ஒரு பிள்ளையும் கேட்கவில்லை.

எழும்பூர் அருங்காட்சியகத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துக்கு அது வண்டலூரை விட எவ்வளவோ கிட்டே. அங்கே திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் யானையின் எலும்புக்கூடும் இருக்கின்றன. போவதற்கு முன் பிள்ளைகளைத் தங்கள் கையையே தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்: தோளிலிருந்து முழங்கை வரை ஒரு எலும்பு, அதற்குக் கீழே ரெண்டு, மணிக்கட்டில் பொடிப் பொடியாக, அப்புறம் விரல்கள். யானையின் முன்காலிலும் வௌவாலின் இறக்கையிலும் திமிங்கிலத்தின் துடுப்புக்குள்ளும் இதே வரிசைதான். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அன்று விடுமுறை.

வரிசையும் முக்கியம். முதலில் காசிமேடும் கோழிக்காலும், அப்புறம் எழும்பூர், கடைசியாக வண்டலூர். காசிமேட்டைத் தள்ளிப்போட வேண்டாம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, காட்டுவதற்கு இத்தனை வகை மீன் கிடைக்காது. வண்டலூரைக் கோடையில் வைக்காமல் மழை விட்ட பிறகு டிசம்பர், ஜனவரியில் வையுங்கள், ஆனால் காணும் பொங்கலன்று மட்டும் வேண்டாம். அன்று வருகிற கூட்டத்தில் நெருப்புக்கோழியின் கால் விரல் யார் கண்ணுக்கும் தெரியாது.